மதாம் முள்ளங்கியின் ‘ங்க’

1

இந்தக் கதை என் மீசையில் தொடங்குகிறது. எனக்கு மீசை கிடையாது. பிரச்சினையே அதுதான்.

பிரான்சில் குடியேறிய வெளிநாட்டுக்காரர்கள், பிரெஞ்சுக்காரர்களோடு தாங்கள் படும் பாட்டை எழுதும் வலைப்பதிவுகளைப் படிப்பது என்னுடைய கெட்ட பழக்கம். ஊறுகாய் ஜாடிக்குள் விரலை விட்டு நக்குகிறவன் மாதிரி, யாரும் பார்க்காதபோது படிப்பேன். எல்லாப் பதிவுகளும் ஒரே தடத்தில்தான் போகும். முதலில் ரொட்டி. அப்புறம், ரொட்டிக் கடையில் வணக்கம் சொல்லாமல் ரொட்டி கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட கதை. அப்புறம், கன்னத்தில் முத்தம் இரண்டா மூன்றா, எந்தக் கன்னம் முதலில் என்ற ஆராய்ச்சி. பிறகு கணவனோ பூனையோ காணாமல் போகும். அதிலிருந்து எழுத்தின் தரம் உயரும்.

அப்படி ஒரு மதியம், ‘வணக்கம் சொல்ல மறந்தவள்’ என்ற பதிவைப் படித்துக்கொண்டிருந்தேன். ரொட்டிக் கடை வரிசையைப் பற்றிய வர்ணனை. அதில் ‘சோகமான மீசை வைத்த ஒரு இந்தியர், ரொட்டியைக் குடை மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார்’ என்று ஒரு வரி. கடையைப் பற்றிய மற்ற விவரங்களைப் பார்த்தால் அது எங்கள் ஊர்க் கடை. எங்கள் ஊரான மொன்சரோலில் இந்தியர் ஒரே ஒருவர்தான். காரைக்காலிலிருந்து வந்து, இருபது வருடத்துக்கு மேலாக இங்கே பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நான்.

ரொட்டி, அக்குள் எல்லாம் சரி. மீசை எங்கிருந்து வந்தது?

எனக்கு மீசை ஒட்டியவளைப் பற்றி நானும் ஒரு கதை எழுதுவது என்று முடிவு செய்தேன். பழிவாங்கத்தான் உட்கார்ந்தேன். பாதியில் கோபம் போய்விட்டது, கதை மட்டும் மிஞ்சியது. அதைத்தான் நீங்கள் படிக்கிறீர்கள்.


2

தொடக்கம் கிடைக்கவில்லை. எழுதிப் பார்த்தவை இவை:

‘ஓவெர்ன் மலைகளின் மடியில் பனி விலகாத ஓர் இளங்காலைப்’ (வேண்டாம். சுற்றுலாத் துறை எனக்குச் சம்பளம் தருவதில்லை.)

‘மொராக் கின்னியர் விவாகரத்துக்குப் பிறகுதான் முதன்முதலாக’ (விவாகரத்தில் ஆரம்பித்தால் வாசகர் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். காரணம் சொல்லாமல் எழுப்ப முடியாது.)

‘கதவு பூட்டியிருந்தது.’

இது பரவாயில்லை. சின்ன வாக்கியம், உண்மையும்கூட. ஆனால் எந்தக் கதவு, யார் பூட்டினார்கள் என்று சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு பேரை அறிமுகப்படுத்த வேண்டும்.

அந்த வலைப்பதிவை எழுதும் மொராக் கின்னியர், ஸ்காட்லாந்துக்காரி, ஐம்பத்து நான்கு வயது. வீட்டிலிருந்தபடியே மருந்துக் கம்பெனிகளுக்கு ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பது அவள் வேலை. கணவன் பெயர் இந்தக் கதைக்குத் தேவையில்லை. அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும், இங்கே வந்த இரண்டாம் வருடமே கிளம்பிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் மதாம் விகுரூ, எழுபத்தேழு வயது, தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழுப் பெயர் ழோசியான் விகுரூ.*

(* ஜோசியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதல் வரைவில் அவருக்கு வேறு பெயர் வைத்தேன். அந்தப் பெயரில் அவர் இஸ்திரி போடவே மறுத்தார். திரும்ப இதையே வைத்துவிட்டேன்.)

இதற்குள் நான் ஒரு வம்பில் மாட்டிக்கொண்டதைக் கவனித்திருப்பீர்கள். மொராக் ‘அவள்’, மதாம் விகுரூ ‘அவர்’. பிரெஞ்சில் நேராகப் பேசும்போது மட்டும்தான் நீயா நீங்களா என்ற தொல்லை. ஆள் முதுகைத் திருப்பிவிட்டால் எல்லோரும் ஒன்று. தமிழில் முதுகுக்குப் பின்னாலும் மரியாதை தர வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் முகத்துக்கு நேராகவும் கிடையாது. இந்த மூன்று மொழிக்கும் நடுவில்தான் இந்தக் கதை கிடந்து தவிக்கிறது. மொராக்கை ‘அவள்’ என்றது என் சலுகை. எனக்கு மீசை ஒட்டியவள் அல்லவா, அந்த உரிமை.


3

இரண்டு வீட்டுத் தோட்டங்களுக்கும் நடுவே கல் சுவர். சுவரில் குனிந்து போகும் அளவுக்கு ஒரு மரக் கதவு. தாழ்ப்பாள் மதாம் விகுரூவின் பக்கம். எந்தக் காலத்திலோ இரண்டு வீடும் ஒரே குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்ததாம். மொராக் வந்த முதல் வசந்தத்தில், அவள் தோட்டத்தில் ஒன்றுமே முளைக்காததைச் சன்னலிலிருந்து பார்த்துச் சகிக்க முடியாமல், மதாம் விகுரூ அந்தத் தாழ்ப்பாளை விலக்கி ஒரு கட்டு முள்ளங்கியோடு வந்து நின்றார். வெண்ணெய் தடவி, உப்பு தொட்டு எப்படித் தின்பது என்று நின்ற இடத்திலேயே செய்து காட்டிவிட்டுப் போனார்.

அதன் பிறகு அந்தத் தாழ்ப்பாள் போடப்படவே இல்லை. மொராக்கின் வாழ்க்கையில் அலைபேசியைத் தொடாமல் ஒரு மனிதக் குரல் கேட்கிற ஒரே வழி அதுதான். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அந்தக் கதவு வழியாகத்தான் சூப் வரும். கூடவே, அவள் சமையலறையைப் பற்றிய கருத்துகளும் வரும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் அவளுக்குக் குணமாகாது.

இதையெல்லாம் அவள் வலைப்பதிவில் எழுதினாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு ‘மதாம் முள்ளங்கி’ என்று பெயர் வைத்தாள். மதாம் முள்ளங்கி பாத்திரம் துடைக்கும் துணிக்கும் இஸ்திரி போடுகிறார். மதாம் முள்ளங்கி சன்னல் பலகையின் இடுக்கு வழியாகத் தெருவை நிர்வகிக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் சரியாகக் கால் மணி நேரம் தாமதமாக வருகிறார், முன்னதாக வந்தால் அதுதான் மரியாதைக் குறைவாம். மொராக் ஆசையாகச் செய்த ஆட்டுக்குடல் பதார்த்தத்தைச் சாப்பிட்டுவிட்டு, “ரொம்ப... வித்தியாசமா இருக்கு,” என்கிறார். மொராக் போகும்போதெல்லாம் மேசையில் இருக்கும் நல்ல ஒயின் புட்டியை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு, மலிவுப் புட்டியைத் திறக்கிறார்.

ஸ்காட்லாந்திலும் கனடாவிலும் யாரோ ஆயிரம் பேர் இதைப் படித்துச் சிரித்தார்கள். மொன்சரோலில் யாரும் படிக்கவில்லை. இங்கே யாருக்கும் ஆங்கிலம் தெரியாது என்ற நம்பிக்கையில் மொராக் நிம்மதியாக இருந்தாள். (என்னை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. மீசைக்காரன் படிப்பானா என்ன.)

ஒரே ஒரு பதிவு மட்டும் சிரிப்புக்காக எழுதப்பட்டதில்லை. மதாம் முள்ளங்கி பதினோரு வருடமாகியும் தன்னை ‘நீங்கள்’ என்றே அழைக்கிறார், ‘நீ’ என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்று எழுதியிருந்தாள். ‘கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் நான் இன்னும் வாசலில்தான் நிற்கிறேன்’ என்று முடித்திருந்தாள். இதற்கு யாரும் சிரித்துப் பின்னூட்டம் போடவில்லை. ஒருவர் மட்டும் ஆட்டுக்குடல் செய்முறை கேட்டிருந்தார்.


4

அழகு நிலையம். (இந்தக் காட்சியில் நான் இல்லை. எனக்கு அங்கே வேலையும் இல்லை, முடியும் இல்லை. மதாம் விகுரூ சொன்னதையும் கோரின் சொன்னதையும் கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறேன்.)

முடி திருத்தும் கோரினை மதாம் விகுரூவுக்குத் தொட்டிலிலிருந்தே தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை, மதாம் விகுரூவின் தலையில் பாதி வரை உருளைகளைச் சுற்றிவிட்டு, கோரின் கைப்பேசியை எடுத்தாள்.

“மதாம் விகுரூ, இத கேளுங்களேன். நம்ம ஊரப் பத்தி யாரோ இங்கிலீஷ்ல எழுதியிருக்காங்க. மெஷின்ல போட்டா பிரெஞ்சுல வருது. இதுல ஒரு மதாம் முள்ளங்கி வராங்க. யார் மாதிரி இருக்குன்னு சொல்லுங்க.”

“படி.”

கோரின் படித்தாள். துடைக்கும் துணியும் இஸ்திரியும் வந்தபோது உலர்த்தும் கருவிகளுக்குக் கீழிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மதாம் விகுரூ கண்ணாடியில் அவர்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

“நானேதான். பின்ன என்ன, சுருங்கின துணியால கண்ணாடி டம்ளர துடைப்பாங்களா? மேல படி.”

சன்னல் இடுக்கு வந்தது. ஆட்டுக்குடல் வந்தது. மதாம் விகுரூ உருளைகள் ஆட ஆடச் சிரித்தார். “அந்த ஆட்டுக்குடல்! ராத்திரி முழுக்க என் கூடவே பேசிட்டு இருந்துச்சு,” என்றார். கடையே சிரித்தது. விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நானும் வேறு கதை எழுதியிருப்பேன்.

அடுத்தது முள்ளங்கிக் காட்சி. மொராக் அதை உரையாடலாகவே எழுதியிருந்தாள். கோரின் குரலை மாற்றி, மதாம் விகுரூ மாதிரியே படித்தாள்:

“‘உள்ள வா. என்ன மரம் மாதிரி நிக்கற? இந்தா, இத நீ எடுத்துக்கோ. உனக்குத்தான் கொண்டுவந்தேன்.’”

மதாம் விகுரூவின் சிரிப்பு நின்றது.

“இன்னொரு தடவ படி.”

கோரின் படித்தாள்.

“நான் இப்படிப் பேசினேனா?”

“அப்படித்தான் போட்டிருக்கு மதாம் விகுரூ.”

“நீ-ன்னு?”

“நீ-ன்னுதான்.”

மதாம் விகுரூ எழுந்தார். தோளில் போர்த்தியிருந்த துணியை மடித்து நாற்காலியில் வைத்தார். ஒரு பக்கம் உருளைகளும் மறுபக்கம் ஈரமுமாக, சந்தைத் தெருவின் நடுவே நடந்து வீட்டுக்குப் போனார். வழியில் வணக்கம் சொன்னவர்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னார். வீட்டுக்குப் போய்த் தோட்டத்துத் தாழ்ப்பாளைப் போட்டார்.

கதவு பூட்டியிருந்தது.

(பார்த்தீர்களா, வந்து சேர்ந்துவிட்டோம்.)


5

மறுநாள் காலையில் மொராக் அந்தக் கதவைத் தள்ளினாள். அது அசையவில்லை. மழையில் மரம் ஊறிவிட்டது என்று முதலில் நினைத்தாள். மழை பெய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. தோளால் இடித்தாள். சுவருக்கு அப்பால் மதாம் விகுரூவின் குட்டைக் கால் நாய், கப்பித்தேன், உறுமியது. பதினோரு வருடம் அவள் கையால் பிஸ்கட் தின்ற நாய்!

அதற்குள் கோரினின் கடையிலிருந்து செய்தி ரொட்டிக் கடைக்கு வந்து, அங்கிருந்து மொராக்குக்கும் வந்துவிட்டது. ‘உங்க எழுத்த மதாம் விகுரூ படிச்சுட்டாங்க.’ அவ்வளவுதான் செய்தி. எது தைத்தது என்று யாரும் சொல்லவில்லை. அவள் வெண்ணெய் பிஸ்கட் செய்து எடுத்துக்கொண்டு தெரு வழியாகப் போய், முன்வாசல் சன்னலுக்குக் கீழே நின்றாள். சன்னல் பலகை இரண்டு விரல் அளவுக்குத் திறந்தது.

“மதாம் விகுரூ, மன்னிச்சுடுங்க. துணிக்கு இஸ்திரி போடறத நான் எழுதியிருக்கக் கூடாது.”

“எழுதினா என்ன? போடறேன்தானே.”

“முள்ளங்கின்னு பேர் வச்சது...”

“முள்ளங்கிக்கு என்ன குறைச்சல்? வெள்ளரிக்கான்னு வச்சிருந்தா கோவப்பட்டிருப்பேன்.”

“நீங்க சன்னல் பின்னால நின்னு தெருவ பாக்கறீங்கன்னு...”

“தெரு வேற எதுக்கு இருக்கு?”

மொராக்குக்கு வியர்த்தது. மன்னிப்புக் கேட்க வேண்டிய பாவங்கள் தீர்ந்துகொண்டே வந்தன.

“அப்ப... அந்த ஒயின் விஷயமா?”

சன்னல் பலகை இன்னும் ஒரு விரல் திறந்தது.

“எந்த ஒயின் விஷயம்?”

கோரின் அந்தப் பதிவு வரைக்கும் படிக்கவே இல்லை என்பது மொராக்குக்கு அப்போதுதான் புரிந்தது. இனி மென்று விழுங்கிப் பயனில்லை.

“நான் வரும்போதெல்லாம் நல்ல புட்டிய அலமாரில வச்சுடறீங்கன்னு எழுதினேன்.”

சன்னல் பலகை பழையபடி இரண்டு விரல் அளவுக்குக் குறுகியது.

“அத கஞ்சத்தனம்னு நெனச்சீங்களா, மதாம் கின்னியர்?”

மதாம் கின்னியர்! இதை மொழிபெயர்க்க எனக்குத் தமிழில் வழி தெரியவில்லை. முதல் இரண்டு வருடத்துக்குப் பிறகு மதாம் விகுரூ அவளை ‘மொராக்’ என்றுதான் கூப்பிட்டு வந்தார். ‘மொராக், வாங்க. மொராக், உக்காருங்க.’ அது ஒரு படி. அந்தப் படியிலிருந்து இப்போது அவளை இறக்கிவிட்டார். மொராக்கின் கண் நிறைந்துவிட்டது.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்,” என்றார் மதாம் விகுரூ. “நான் உங்கள எப்ப நீ-ன்னு சொன்னேன்? தேதிய சொல்லுங்க.”

“சொன்னதே இல்லையே!”

“அப்பறம் ஊர் முழுக்க நான் சொன்னதா எழுதியிருக்கீங்களே. எங்கம்மாவையே நான் நீங்கன்னுதான் கூப்பிட்டேன். நீ-ன்னு சொல்றதுன்னா நாய சொல்லுவேன், கடவுள சொல்லுவேன், தொட்டில்ல பாத்த பிள்ளைங்கள சொல்லுவேன். எங்க வீட்டுக்காரர சொன்னேன், அவரும் போயிட்டார்.”

“அது மெஷின் பண்ணினது. எங்க பாஷைல நீ, நீங்க எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைதான்.”

“உங்க ஊர்ல நாயையும் மேயரையும் ஒரே மாதிரியா கூப்பிடுவீங்க?”

“ஆமாம்.”

“பாவம்,” என்றார் மதாம் விகுரூ. உண்மையாகவே இரக்கப்பட்டார். ஆனால் சன்னலைத் திறக்கவில்லை.

“அந்தச் சுவர்க் கதவு,” என்றாள் மொராக் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “அவன் பூட்டியிருக்கான்.”

“அவள். கதவு பெண்பால். பதினோரு வருஷமாச்சு,” என்று அவள் பிரெஞ்சைத் திருத்திவிட்டு மதாம் விகுரூ சன்னலைச் சாத்தினார்.


6

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தால் எழுத்தாளர்கள் உலாவப் போவார்கள். நான் ரொட்டி வாங்கப் போனேன்.

முள்ளங்கி என்றதற்குக் கோபமில்லை, வேவு பார்க்கிறார் என்றதற்குக் கோபமில்லை. ஒரு ‘நீ’க்கு இவ்வளவு கோபமா? நான் எழுதிய மதாம் விகுரூவை நானே நம்பவில்லை. ஆகவே வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்த நிஜ மதாம் விகுரூவிடம், கடையை விட்டு வெளியே வந்ததும் கேட்டேன். அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

“உங்களுக்கு மீசையே இல்லையே, மிஸ்யே.”

“இல்லை.”

“அவங்க எழுதியிருக்காங்களே.”

“எழுதறவங்க அப்படித்தான், மதாம்.”

கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எங்க வீட்டுக்காரர் என்னைப் பொண்ணு பாக்கற காலத்துல நீங்க, வாங்கன்னுதான் பேசுவார். நீ-ன்னு முதல்ல சொன்ன அன்னிக்கு எங்கப்பா ஒரு புட்டி தொறந்தார். அதே திராட்சைத் தோட்டத்து ஒயின்தான் இப்ப அலமாரில இருக்கு. இவங்களுக்காக வாங்கினேன். பெரியவங்கதான் முதல்ல சொல்லணும் இல்லையா? ஒவ்வொரு தடவ அவங்க வரும்போதும் இன்னிக்கு சொல்லிடலாம்னு மேசைல எடுத்து வைப்பேன். அவங்க வந்து நின்னதும் நாக்கு எழாது. திரும்ப உள்ள வச்சுடுவேன். இப்ப பாருங்க, நான் பதினோரு வருஷமா சேத்து வச்சத ஒரு மெஷின் எடுத்து கோரின் கடைல கொட்டிடுச்சு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். (‘அவர்’ என்று இருக்க வேண்டும். திருத்தப் போனேன். கை வரவில்லை, விட்டுவிட்டேன்.)

“அவங்ககிட்ட சொல்லிடாதீங்க, மிஸ்யே.”

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கதை எழுதமாட்டேன் என்று கொடுக்கவில்லை. மொராக்குக்குத் தமிழ் தெரியாது.


7

மொராக் சும்மா இருக்கவில்லை. மெஷின்தானே கெடுத்தது, அதைக் கொண்டே சரிசெய்வது என்று உட்கார்ந்தாள். ஆங்கில வாக்கியத்தில் ‘மதாம்’ என்று ஒரு சொல்லைச் செருகினால் மெஷின் பயந்துபோய் ‘நீங்கள்’ போடுகிறது என்று கண்டுபிடித்தாள். மதாம் முள்ளங்கி வரும் பதிவுகளை எல்லாம் எடுத்து, உரையாடல் இருக்கும் இடமெல்லாம் தானாகவே ‘மதாம்’ சேரும்படி ஒரே அழுத்தில் மாற்றிவிட்டாள். ஸ்காட்லாந்து, கனடா வாசகர்கள் குழம்பிப் போனார்கள். ‘உடம்புக்கு ஒன்றுமில்லையே?’ என்று கேட்டு எழுதினார்கள். அவள் யாருக்கும் பதில் போடவில்லை.

கடைசியாக ஒரு பதிவு எழுதினாள். தலைப்பு ‘ஒரு திருத்தம்’. ‘மதாம் முள்ளங்கி ஒருநாளும் என்னை நீ என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்தத் தேதியைச் சுவரில் செதுக்கி வைத்திருப்பேன். அவர் ஒயின் எனக்கு வேண்டாம். அந்தக் கதவு மட்டும் வேண்டும்.’

அடுத்த வெள்ளிக்கிழமை கோரின் மீதிப் பாதித் தலையையும் முடித்துக் கொடுக்க மதாம் விகுரூவை வரவழைத்தாள். கேட்காமலே கைப்பேசியை எடுத்தாள்.

“எல்லாத்தையும் மாத்தியிருக்காங்க. கேளுங்க. ‘உள்ளே வாருங்கள் மதாம். ஏன் மதாம் மரம் மாதிரி நிற்கிறீர்கள்? இதை எடுத்துக்கொள்ளுங்கள் மதாம்.’”

“ம்,” என்றார் மதாம் விகுரூ. “இது பரவால்ல.”

“இன்னும் இருக்கு. ‘கப்பித்தேன் மதாம், குரைக்காதீர்கள். செருப்பைக் கடிப்பதை நிறுத்துங்கள் மதாம். தயவுசெய்து கீழே இறங்கி உட்காருங்கள்.’”

ஒரே அழுத்தில் மாற்றியதில் நாய்க்கும் மரியாதை போய்ச் சேர்ந்துவிட்டது. அதுவும் ஆண் நாய்க்கு. மதாம் விகுரூ என்ன செய்வாரோ என்று கடையில் எல்லோரும் கண்ணாடியையே பார்த்தார்கள். முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு சத்தமாகவே சிரித்தார், உலர்த்தும் கருவியை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டிய சிரிப்பு. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் கோரின் ‘ஒரு திருத்தம்’ படித்தாள். அந்தக் கண்ணீர் நிற்கவில்லை. எது சிரித்து வந்தது, எது கேட்டு வந்தது என்று கோரினுக்கே தெரியவில்லை.


8

அன்று சாயங்காலம் மொராக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சுவருக்கு அப்பால் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. கதவு திறந்தது. மதாம் விகுரூ, தலை முழுக்க ஒரே அளவுச் சுருள்களோடு, குனிந்து எட்டிப் பார்த்து, “உள்ள வா” என்றார். அதே நொடியில் கப்பித்தேன் குரைத்தது.

பிரெஞ்சிலும் இது இப்படித்தான். ‘வா’ என்பதற்கும் ‘வாங்க’ என்பதற்கும் வாலில்தான் வித்தியாசம். அந்த வால் இருந்ததா இல்லையா என்பதை நாய் விழுங்கிவிட்டது. பதினோரு வருடம் காத்திருந்த மொராக்குக்கு அது காதில் விழவில்லை. ‘என்ன சொன்னீங்க?’ என்று கேட்கவும் முடியாது. ‘சொன்னீங்க’ என்றால் ஒரு முடிவு, ‘சொன்னே’ என்றால் இன்னொரு முடிவு.

“ரொம்ப சந்தோஷம்,” என்றாள். இதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை.

சமையலறை மேசையில் இரண்டு புட்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன, நடுவில் தக்கை எடுக்கும் திருகி. மதாம் விகுரூ அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதைப் பொறுத்துத்தான் எந்தப் புட்டி என்று இருந்ததோ என்னவோ. மொராக் புட்டிகளைப் பார்த்தாள், ஒயினைப் பற்றித் தான் எழுதியதுதான் ஞாபகம் வந்தது, முகம் சிவந்தது.

“காபி கிடைக்குமா?” என்றாள்.

“கிடைக்கும்,” என்றார் மதாம் விகுரூ. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அன்றிலிருந்து இரண்டு பேரும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டால் தமிழ் வாசகர்களுக்கு உடனே புரியும். புது மருமகளும் மாமியாரும் மாதிரிதான். “சாப்பிட்டாச்சா?” “ஆச்சு.” “மழை வரும் போல இருக்கே.” “துணி எடுக்கணும்.” “முள்ளங்கி பறிச்சாச்சு.” “வெண்ணெய் இருக்கு.” ஆளே இல்லாத வாக்கியங்கள். கதவு நாள் முழுக்கத் திறந்து கிடக்கிறது. புட்டிகள் இரண்டும் மேசையிலேயே இருக்கின்றன. அலமாரிக்குத் திரும்பிப் போகவில்லை என்பதை மட்டும் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.


9

இப்போது முடிவு. மூன்று கைவசம் உண்டு.

முதலாவது, அது ‘வா’தான். மொராக் ஒருநாள் துணிந்து ‘நீ’ என்கிறாள், நல்ல புட்டி திறக்கிறது, பின்னணியில் கப்பித்தேன் வாலாட்டுகிறது. (எழுதிப் பார்த்தேன். பிஸ்கட் விளம்பரம் மாதிரி வந்தது.)

இரண்டாவது, அது ‘வாங்க’தான். அந்த நாவுக்கு அந்த வால் இல்லாமல் பழக்கமில்லை. மொராக் அதைப் புரிந்துகொள்கிறாள், மலிவுப் புட்டியையே இருவரும் சந்தோஷமாகக் குடித்து (இதற்கு மேல் பேனா போகவில்லை. சந்தோஷமாக இருக்க மாட்டார்கள்.)

மூன்றாவது, நானே போய் மொராக்கிடம் புட்டியின் கதையைச் சொல்லிவிடுவது. வாக்குக் கொடுத்துவிட்டேன். தவிரவும் அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மேலுதட்டையே பார்க்கிறாள்.

எனக்கு எது உண்மை என்று தெரியுமா? தெரியும். மதாம் விகுரூவிடம் கேட்டேன், சொன்னார். இங்கே எழுத மாட்டேன். ஏனென்றால் கோரின் இதையும் விடமாட்டாள். ‘நம்ம ஊர் இந்தியர் ஏதோ வட்ட வட்டமா எழுதியிருக்கார்’ என்று ஒரு வெள்ளிக்கிழமை மெஷினில் போடுவாள். மெஷின் மறுபடி முந்திக்கொண்டு அந்தச் சொல்லைக் கடையில் கொட்டிவிடும். ஒருமுறை கொட்டியது போதும். புட்டியின் கதையை அது கொட்டினால் கொட்டட்டும், வாக்குக் கொடுத்தது நான்தான், மெஷின் இல்லை. அது மதாம் விகுரூவின் சொல், அவர் வாயால்தான் வர வேண்டும். கோரின், இதை நீங்கள் படித்துக்கொண்டிருந்தால், உலர்த்தும் கருவியைப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

வாசகர்களே, இத்தனை பக்கமும் உங்களை ‘நீங்கள்’ என்றே சொல்லி வந்தேன். ஒரு முறைகூட வழுவவில்லை. இவ்வளவு தூரம் கூடவே வந்தவர்களிடம் இன்னும் எத்தனை நாள் அப்படிப் பேசுவது என்று எனக்கும் தோன்றுகிறது. மேசையில் இரண்டு புட்டி இருக்கிறது. கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். வெளியே நிற்க வேண்டாம்.

உள்ள வா